தன்மை வினையும் பெண்குரலும்: பரகால நாயகியும் க்ளோதினும்

திருவரங்கத்தில் பகற்பத்துக்கு முந்தைய நாள் ஓதப்பெறும் திருநெடுந்தாண்டகத்தின் 30 பாசுரங்களுள் முதற்பத்து திருமங்கையாழ்வார் தாமாகவே கூறுவது, இடைப்பத்து தாய்க்கூற்று, இறுதிப்பத்து பரகால நாயகியாகிய மகளின் கூற்று. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ஆதலின் பேசுபவள் பெண் என்பதைத் துறைமரபே உணர்த்துகிறது. பிரெஞ்சிலோ தன்மைக்குரிய பெயரடைகூடப் பால் காட்டிவிடும். கொலெத் எழுதிய ‘பள்ளியில் க்ளோதின்’ 1900இல் கணவர் வில்லியின் பெயரில் வெளிவந்தது. அட்டையில் ஆண்பெயர்; உள்ளே, உதவியாசிரியை ஏமேயை விரும்பும் மாணவியின் குரல். ஆழ்வாரிடம் நேர்வது இதன் மறுதலை எனலாம். ஆயினும் பரகால நாயகி விழைவது அரங்கனை. பகற்பத்தின் பத்தாம் நாளில் அவனே நாச்சியார் திருக்கோலம் பூண்பது தனியே ஆராயத்தக்கது. க்ளோதின் விழைவது பெண்ணை. இரண்டையும் ‘பால்மயக்கம்’ என ஒன்றாக்கினால் பெண்ணுக்குப் பெண்மீதுள்ள காதல் வெறும் வேடமாகிவிடும். ப்ரூஸ்தின் அல்பெர்த்தீனை மாறுவேட ஆணாக வாசித்தோர் செய்ததும் அதுவே.