போட்டித் துப்பாக்கி ஏன் பாதியில் சிக்குகிறது?

ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) கைத்துப்பாக்கிப் போட்டிகளில் தோட்டாவுக்குக் குறைந்தபட்ச வலு உண்டு. கிரெய்ன் கணக்கில் குண்டின் எடையை, விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டென்றால் ஏறக்குறைய 1010 அடி வேகம். உதைப்பு குறையட்டும் என்று, தோட்டாவைத் தாங்களே நிரப்பும் வீரர்கள் இந்த எல்லையை ஒட்டியே வெடிமருந்து போடுகிறார்கள். ஆனால் துப்பாக்கியின் மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னே தள்ளுவதும் அதே உதைப்புதான்! அது போதாவிட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காது. வெற்றுக்கூடு வெளியேறும் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்லைடை முன்னே தள்ளும் சுருள்வில்லை மென்மையானதாக மாற்றுவது பெரும்பாலும் இதைத் தீர்க்கும்.

இதைவிட, நிரப்பும்போது மருந்தே விழாத தோட்டாதான் ஆபத்து. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அடுத்த குண்டு அதில் மோதினால் குழல் வெடிக்கலாம். சத்தம் மெலிந்து கேட்டால் உடனே நிறுத்துங்கள். தோட்டாக்களை அகற்றிக் குழலைச் சோதிக்காமல் மறுபடி சுடாதீர்கள்.