ஒரே துவைப்பில் அழியும் டி-ஷர்ட் பிரிண்ட்... வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கல்லூரி விழாவுக்கு 20 டி-ஷர்ட், அக்கா கல்யாணத்துக்கு 50 மஞ்சப்பை. கடையில் கேட்டால், 'இவ்வளவு கம்மியா அடிச்சா கட்டுப்படி ஆகாது' என்கிறார்கள். சரி, வீடியோ பார்த்து நாமே அடிச்சிடலாம் என்று இறங்குகிறோம். அடிக்கும்போது பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் முதல் துவைப்பிலேயே பாதி டிசைன் பக்கெட் தண்ணீரோடு போய்விடுகிறது. என்னதான் தப்பு?

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் என்ன?

ஓட்டை போட்ட கோலத் தட்டை தரையில் வைத்து மாவு தூவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் கோலம் விழும் இல்லையா? அதே கதைதான். இங்கே தட்டுக்குப் பதில், ஃபிரேமில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை. டிசைன் வர வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும். மேலே இங்க்கை ஊற்றி, ஸ்க்வீஜி எனும் ரப்பர் பட்டையால் இழுத்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். ஆரம்பத்தில் பட்டுத் துணியை வலையாகப் பயன்படுத்தியதால் இதற்கு 'சில்க் ஸ்கிரீன்' என்றும் பெயர். இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர் வலைதான்.

என்னென்ன வேணும்?

* வலை கட்டிய ஃபிரேம். துணிக்கு, அங்குலத்துக்கு சுமார் 110 இழை உள்ள வலை பொதுவாகப் போதும். ரொம்ப நெருக்கமான வலையில் இங்க் சரியாக இறங்காது.
* ஸ்க்வீஜி
* துணிக்கான வாட்டர் பேஸ் இங்க். பிளாஸ்டிசால் இங்க் வேண்டாம். அது காற்றில் காயவே காயாது, சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.
* காட்டன் துணி. பாலியஸ்டர் துணி அதிக அயர்ன் சூட்டைத் தாங்காது.

டிசைனை வலையில் ஏற்றுவது எப்படி?

முதல் முறை செய்பவர்களுக்கு சுலபமான வழி பேப்பர்தான். டிசைனை பேப்பரில் வெட்டி, துணிக்கும் வலைக்கும் நடுவில் வைத்து அடிக்கலாம். எழுத்து பெரிசா, உருவம் எளிமையா இருந்தால் சில பீஸ்களுக்கு இது தாங்கும்.

நுணுக்கமான டிசைன் என்றால் எமல்ஷன் முறை. ஒளி பட்டால் இறுகும் பசையை மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் வலையில் பூசி, இருட்டில் காய வைக்க வேண்டும். பிறகு டிசைனை கறுப்பாக பிரிண்ட் எடுத்த டிரான்ஸ்பரன்ட் ஷீட்டை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீர் அடித்தால் அந்த இடம் மட்டும் கரைந்து திறந்துகொள்ளும். எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டணும் என்பது விளக்கைப் பொறுத்தது. முதலில் சின்னத் துண்டில் சோதித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: எமல்ஷனோடு கலக்க பைக்ரோமேட் கரைசல் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் உள்ள குரோமியம் புற்றுநோய் ஆபத்து உள்ளது. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. ரெடிமேட் எமல்ஷனோ, டயஸோ வகையோ கேட்டு வாங்குங்கள். அதற்கும் கையுறை அவசியம்.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியது

புதுத் துணியை அப்படியே அடிக்கக் கூடாது. கஞ்சி போக ஒரு முறை அலசி, காயவைத்து, அயர்ன் செய்யணும். டி-ஷர்ட் என்றால் உள்ளே ஒரு அட்டையை நுழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இங்க் முதுகுப் பக்கமும் ஒட்டும். ஸ்க்வீஜியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே திட்டுதான். வேலை முடிந்த கையோடு வலையைக் கழுவிவிடணும். இங்க் உள்ளேயே காய்ந்தால் அந்த ஸ்கிரீன் அவ்வளவுதான்!

பிரிண்ட் ஏன் அழிகிறது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். இங்க்கில் உள்ள நிறமி, சாயம் மாதிரி நூலுக்குள் ஊறிப் பிடிக்காது. கூடவே இருக்கும் பைண்டர் என்ற பசைதான் அதை நூலோடு பிடித்து வைக்கிறது. அந்தப் பசை முழுசா இறுக சூடு வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக 'காய்ஞ்சிடுச்சு' என்று நினைப்பதுதான் தப்பு. தண்ணீர் மட்டும்தான் போயிருக்கிறது, பசை இன்னும் இறுகவில்லை.

அதனால் ஒரு நாள் காற்றில் உலரவிட்டு, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு அயர்ன் செய்யுங்கள். ஸ்டீம் வேண்டாம். ஒரே இடத்தில் வைத்து அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே பகுதி பகுதியாகச் சில நிமிடங்கள் சூடு காட்டணும். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பது இங்க் டப்பாவிலேயே இருக்கும். அதையே பின்பற்றுங்கள். டி-ஷர்ட்டின் பின்பக்கமும் ஒரு முறை தேய்த்துவிடுவது நல்லது.

20 டி-ஷர்ட்டையும் அடிக்கும் முன்...

முதலில் ஒரு பழைய காட்டன் துணியில் அடித்து, சூடு காட்டி, சோப்பு போட்டு துவைத்துப் பாருங்கள். நிறம் கசிந்தால் இன்னும் சூடு தேவை என்று அர்த்தம். கசியவில்லை என்றால் தைரியமா மீதி 20-ஐயும் அடிக்கலாம். அதன் பிறகும் சில நாட்கள் கழித்தே முதல் துவைப்பு, அதுவும் உட்புறத்தை வெளியே திருப்பி, சாதாரண தண்ணீரில். பிரஷ் மட்டும் போடவே வேண்டாம்.