பழைய செய்தித்தாளில் நாற்றுத் தொட்டி

பூசணி, சுரை, பாகல் முதலியவற்றின் இளவேர்கள் பெயர்த்து நடுங்கால் எளிதில் அறுபடும். தொட்டியோடே நட்டால் இவ்விடர் நேராது.

பழைய செய்தித்தாட் பட்டையைக் கண்ணாடிக் குவளையின்மீது இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அடியை மடித்தழுத்திக் குவளையை உருவினால் தொட்டி ஆயத்தமாகும். மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி விதையிட்டு, தொட்டிகளைத் தட்டில் நெருக்கி வைத்து அளவாக நீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று இலைகள் விட்டதும் நடலாம். தாள் மண்ணில் மக்கும். வேர் அதனை ஊடுருவிச் செல்லும்.

ஆயினும், தொட்டியின் விளிம்பு மண்ணுக்குமேல் நிற்றலாகாது. நின்றால் அது விளக்குத் திரிபோல் வேரடி ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் போக்கிவிடும். நீர் பாய்ச்சியும் நாற்றுக் காய்வதற்கு இது ஒரு காரணமாகும். பள்ளித் தோட்டத்தில் ஒன்றை விளிம்பு புதைத்தும் மற்றொன்றை வெளியே விட்டும் நட்டால், மாணவர் இதனைத் தாமே கண்டறிவர்.