எறியும் கை, எழுதும் கை

மூன்று பந்துகளை எறிந்து பிடிக்கப் பழகிவருகிறேன். பந்து தவறுவது பெரும்பாலும் பிடிக்கிற கையின் பிழையல்ல, எறிந்த கையின் பிழை. கையைப் பார்க்கக் கூடாது. பந்து உச்சியில் தயங்குகிற இடத்தைப் பார்க்கணும். அங்கே போனதும் அடுத்ததை எறியணும். அவசரப்பட்டா எல்லாம் போச்சு.

ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் வெளியான 'டேபிள் டாக்' நூலில் இந்திய ஜக்ளர்களைப் பற்றி எழுதினார். நான்கு பித்தளைப் பந்துகளைச் சுழற்றியவரைக் கண்டு, தன் எழுத்தில் இத்தனை பிசகின்மை இல்லையே என்று கூசுகிறார். பிறகு சுதாரித்துக்கொண்டு, அது இயந்திரத் திறன், மேதைமை வேறு என்று பிரித்துவிடுகிறார். கட்டுரை முடிவில், சுவரில் கையால் பந்தடிக்கும் ஃபைவ்ஸ் ஆட்டக்காரர் ஜான் கவனாவுக்குப் பெயர் சொல்லி நீண்ட அஞ்சலி. அவரும் கையால் வென்றவர்தான். இந்தியருக்கோ பெயரே இல்லை.

கைவேலை, மூளைவேலை என்ற படிநிலை நமக்குப் புதுசா என்ன? ஒவ்வொரு எறிதலும் முந்தைய எறிதலின் பிசகைக் கணித்துத் திருத்துகிறது. இது சிந்தனை இல்லை என்று தீர்ப்புச் சொல்வது யார்? பேனா பிடித்தவர்கள். நானும்தான். பந்து விழுந்தால் ஊருக்கே தெரியும். நம் வாக்கியம் விழுந்தால் நமக்கே தெரிவதில்லை.