"ஒன்னும் பண்ணாது!" என்று இனிமேல் சொல்லமாட்டேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணி. புக்கிட் காசிங் அடிவாரத்தில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தால் முதலில் குதித்து இறங்குவது நான் அல்ல, மைலோ. அவன் வால் ஆடுகிற வேகத்தில் உடம்பே சேர்ந்து ஆடும். மைலோ பானத்தின் நிறம் என்பதால்தான் அந்தப் பெயர். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, மூடிக்கிடந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறம் அட்டைப் பெட்டிக்குள் முனகிக்கொண்டிருந்த குட்டி அவன்.

அடுத்த ஆண்டே எனக்கு இனிப்புநீர் எட்டிப் பார்த்தது. "மாத்திரை பிறகு பார்க்கலாம், முதலில் நடங்கள்" என்றார் மருத்துவர். தாமானைச் சுற்றிச் சுற்றி நடந்து எனக்கும் அலுத்தது, நாய்க்கும் அலுத்தது. அப்படித்தான் நாங்கள் இருவரும் மலையேறத் தொடங்கினோம்.

புக்கிட் காசிங் பெரிய மலை ஒன்றும் இல்லை. பெட்டாலிங் ஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் ஒரு பச்சைத் திட்டு. நம்மவர்கள் பலருக்கு அங்குள்ள சிவன் கோயிலால்தான் அந்த மலை பழக்கம். காட்டுக்குள் போனால் வேர்கள் படிக்கட்டு போலப் புடைத்து நிற்கும் ஒற்றையடிப் பாதைகள், ஒரு தொங்கு பாலம், குரங்குக் கூட்டங்கள். வார இறுதியில் ஓடுகிறவர்கள், முட்டிவலியோடு மெல்ல ஏறும் பெரியவர்கள், பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், நாயோடு வரும் என்னைப் போன்றவர்கள் என எல்லாருக்கும் அதே இரண்டடி அகலப் பாதைதான்.

அந்த இரண்டடிப் பாதையில்தான் நான் ஒரு பாடம் கற்றேன்.

அந்தக் காலை

அப்போதெல்லாம் காட்டுக்குள் நுழைந்ததும் மைலோவின் கயிற்றைக் கழற்றிவிடுவேன். சொன்ன பேச்சுக் கேட்கிறவன், கூப்பிட்டால் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை. சுதந்திரமாக ஓடட்டுமே என்ற பாசமும்தான்.

முதல் நாள் இரவு நல்ல மழை. பாதையோரக் குட்டையில் விழுந்து புரண்டு எழுந்த மைலோ, ஒரு வளைவில் எனக்கு முன்னால் ஓடி மறைந்தான். மறுகணம் ஒரு சிறுமியின் அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய் அம்மா, பேத்தியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி நிற்கிறார். மைலோ வாலை ஆட்டிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

"தாக் கிகிட், மக்சிக்! தாக் கிகிட்!" கடிக்காது, கடிக்காது என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழும் சேர்ந்து வந்தது: "ஒன்னும் பண்ணாது!"

அவர் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். ஈரமான வேர். வழுக்கி உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை சிராய்த்துவிட்டது. விழுந்தவரை மைலோ அன்பாகப் போய் நக்கினான். கையிலும் காற்சட்டையிலும் அவன் எச்சில்.

நான் மைலோவை இழுத்துக் கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "தாக் அப்பா" என்று மட்டும் சொன்னார், பரவாயில்லை என்று. ஆனால் தண்ணீர்ப் புட்டியைத் திறக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. பேத்தி அழுதுகொண்டே இருந்தாள். இருவரும் மேலே ஏறாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

அம்மாவின் ஒரு கேள்வி

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "மைலோ ஒன்னுமே பண்ணலம்மா, அவங்கதான் பயந்துட்டாங்க" என்று முடித்தேன்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "நான் விழுந்திருந்தா இப்படித்தான் சொல்வியா?" என்று கேட்டார்.

அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். எட்டு வயதில், விடியும் முன் பாட்டியோடு பால்மரக் காட்டுக்குப் போகும்போது நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். இன்றும் மைலோவைக் கட்டிப்போட்டால்தான் பின்கட்டுக்கு வருவார். வீட்டிலேயே அந்தப் பயத்தைப் பார்த்து வளர்ந்தும், வெளியே இன்னொருவரின் முகத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

அந்த மலாய் அம்மாவுக்குப் பயம் மட்டும் அல்ல, இன்னொரு சிரமமும் இருந்தது. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். நனைந்த நாய் ஒரு நொடி உரசிவிட்டுப் போவது நமக்கு விளையாட்டு. அவருக்கோ அந்தக் காலைப் பொழுதே அதோடு போயிற்று. இது நாய் மேல் வெறுப்பு அல்ல. நம் வீட்டுப் பூசையறைக்குள் ஒருவர் செருப்போடு நுழைந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

மனிதரோடு மலையேறிய நாய்களில் நமக்கு மிகவும் தெரிந்தது மகாபாரத நாய்தான். கடைசிப் பயணத்தில் தருமரோடு இமயம் வரை நடந்து வந்த நாய். அதை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்றார் தருமர். அந்த நாய்க்குக் கயிறு கட்டியிருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாதையில் எதிரே பேத்தியோடு எந்த மக்சிக்கும் வரவில்லையே!

வளைவில் நின்ற அங்கிள்

அடுத்த சில வாரங்கள் மைலோவைக் கயிற்றில்தான் கூட்டிப் போனேன். அப்போதுதான் இரண்டு நாய்களோடு வரும் ஒரு சீன அங்கிளைக் கவனித்தேன். எதிரே ஆள் வரும் சத்தம் கேட்டால் போதும். பாதை சற்று அகலமான இடத்தில் ஒதுங்குவார். நாய்களைத் தனக்குப் பின்னால் உட்கார வைப்பார். வருகிறவருக்கும் நாய்களுக்கும் நடுவே அவர் நிற்பார். "மோர்னிங்" என்பார். ஆள் கடந்து பத்தடி போன பிறகுதான் கிளம்புவார்.

"ஏன் அங்கிள் ஒவ்வொரு முறையும்?" என்று கேட்டேன்.

"யாருக்குப் பயம் என்று முகத்தில் எழுதியிருக்காதே" என்றார்.

அவரைப் பார்த்தும், என் கால்நடை மருத்துவரிடம் கேட்டும், பட்டும் தெரிந்துகொண்டவை இவை. நாயோடு மலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

கயிறு: ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். இழுக்க இழுக்க நீளும் கயிறு காட்டுக்கு ஆகாது. வளைவுக்கு அந்தப் பக்கம் நாய் என்ன செய்கிறது என்று தெரியாது, மற்றவர் காலிலும் சிக்கும்.

வழிவிடுதல்: நாயோடு வருகிறவரே ஒதுங்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும். தொங்கு பாலம் காலியாகும் வரை காத்திருங்கள். பாலம் ஆடும்போது நாயும் மிரளும், மனிதரும் மிரளுவர். இன்னொரு நாய் எதிரே வந்தால், கேட்காமல் நெருங்க விடாதீர்கள். எல்லா நாய்க்கும் நட்புப் பிடிக்காது.

பொது இடங்கள்: மனிதர் உட்காரும் பலகையில் நாயை ஏற்ற வேண்டாம். பொதுக் குழாயில் வாய் வைக்க விட வேண்டாம். மடக்கும் கிண்ணம் ஒன்று பையில் இருந்தால் போதும்.

கழிவு: காட்டில் போனால் உரமாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நாயின் மலத்தில் குடற்புழு முட்டைகளும் கிருமிகளும் இருக்கலாம். நம் ஊர் மழை அதை நேரே ஓடைக்குக் கொண்டுபோகும். எடுத்துப் பையில் கட்டுவது பாதி வேலைதான். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கிளையில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டில் தொங்கும் அந்தப் பை, அள்ளாமல் விட்டதைவிட மோசம். மூடியுள்ள சிறு டப்பா ஒன்றில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

காட்டு உயிர்கள்: குரங்கைக் கண்டால் நாய் துரத்தும். தாய்க் குரங்கிடம் குட்டி இருந்தால் கூட்டமே திரும்பி வரும். கடி வாங்குவது நாய், சில நேரம் நாமும். புதருக்குள் மூக்கை விடும் நாய்க்குத்தான் பாம்புக்கடி ஆபத்தும் அதிகம். கயிறு அதன் உயிரையும் காக்கிறது.

வெயில்: நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்ற சூட்டையெல்லாம் மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அதுவும் சுலபம் அல்ல. காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஏற்றமே வேண்டாம். விடாமல் இரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பாகும் ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். நாய் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

வீடு திரும்பியதும்: காதுக்குள், கால்விரல் இடுக்கில், தொடை மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயைச் சாகடிக்கக்கூடியது. எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் பரவும் நோய்க்குத் தடுப்பூசி உண்டு; காட்டுக்குப் போகும் நாய்க்கு அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊராட்சி மன்ற உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று: எல்லா மலையும் நாய்க்குத் திறந்தது அல்ல. சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குத் தன் நாயைக் கொண்டுபோக முடியாது. அங்கே இயற்கை வனப்பகுதிகளில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பூங்காக்களிலும் இணைப்புப் பாதைகளிலும் கயிற்றோடு நடக்கலாம். இங்கும் நுழைவாயில் அறிவிப்புப் பலகையை முதலில் வாசியுங்கள். 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை பல இடங்களில் எங்களைப் போன்ற சிலரின் அலட்சியத்துக்குப் பிறகுதான் வருகிறது.

நாய் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை

அவிழ்ந்த நாய் எதிரே வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் அது விளையாட்டென்று துரத்தும். கையை மார்போடு கட்டி, அசையாமல், அதன் கண்ணைப் பார்க்காமல் நில்லுங்கள். "நாயைப் பிடியுங்கள், எனக்குப் பயம்" என்று உரக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: எவ்வளவு அழகான நாயானாலும், கூட வந்தவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அந்த மக்சிக்கைப் பிறகு நான் மலையில் பார்க்கவே இல்லை. நேரத்தை மாற்றிக்கொண்டாரோ, வேறு மலைக்குப் போகிறாரோ, இல்லை நடப்பதையே விட்டுவிட்டாரோ. அவருக்கும் ஒரு மருத்துவர் "நடங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பேத்தி இனி எந்தக் காட்டுப் பாதையைப் பார்த்தாலும் வளைவுக்கு அப்பால் என்ன வருமோ என்று நினைப்பாள். "ஒன்னும் பண்ணாது" என்றேனே, எவ்வளவோ பண்ணியாகிவிட்டது. பண்ணியது மைலோ அல்ல, நான்.

இப்போது வளைவு வந்தால் மைலோவே என்னைத் திரும்பிப் பார்க்கிறான். ஒதுங்குகிறோம். அவன் உட்காருகிறான். நான் "செலாமாட் பாகி" சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறார்கள். இருவருக்கும் வழி இருக்கிறது. வழக்கமாக ஐம்பது நிமிடத்தில் முடியும் நடை இப்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. இனிப்புநீருக்கு அதுவும் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காப்பி கலக்குவார். டம்ளரைக் கையில் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி:

"இன்னிக்கு யாரையாவது பயமுறுத்தினீங்களா, ரெண்டு பேரும்?"

"இல்லம்மா" என்றால்தான் காப்பி கைக்கு வரும்.