கணினிக்குள் எத்தனை கணினி? – மென்பொருள் உரிமத்தில் ஒரு சொற்பொருள் ஆய்வு

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையில் அடக்குகிறது. ஆதலின் மென்பொருள் உரிமத்தை மொழியியலார் ஆராய்வது துறைமீறல் ஆகாது. தன் ஆவணங்களை மின்வடிவில் காக்க முற்படும் சிறு தமிழ்ச் சங்கத்திற்கு, அவ்வுரிமத்தின் ஒரு சொல்லைப் பிழைபடக் கொள்வது வீண்செலவாகவோ சட்டமீறலாகவோ முடியக்கூடும்.

அச்சொல் 'வழங்கி', அதாவது செர்வர். முன்பு அது தொட்டுக் காட்டத்தக்க ஒரு பெட்டி. இன்றோ ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்ததை இது ஒக்கும். அவ்வாறாயின் வாடகை வீட்டுக்கா, குடும்பத்துக்கா?

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் செர்வர் இரண்டையும் எண்ணுகிறது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பெட்டியிலுள்ள கோர் அனைத்துக்கும் உரிமம் வேண்டும். செயலி ஒன்றுக்கு 8, பெட்டி ஒன்றுக்கு 16 என்பது குறைந்தபட்சக் கணக்கு. அவ்வாறு ஒருமுறை முழுமையாக உரிமம் பெற்றால், ஸ்டாண்டர்டு பதிப்பு 2 மெய்நிகர் கணினிகளுக்கு இடமளிக்கும். மூன்றாவதைச் சேர்த்தால் கோர் அனைத்துக்கும் மீண்டும் உரிமம் பெறல் வேண்டும். அது நான்காவதையும் தாங்கும். டேட்டாசென்டர் பதிப்பில் இவ்வெண்ணிக்கைக்கு வரம்பில்லை. இவையன்றி, வழங்கியை அணுகும் பயனருக்கோ கருவிக்கோ தனி அணுகல் உரிமமும் தேவை.

பலர் இடறுமிடம் மற்றொன்று. மெய்நிகர் கணினியை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு நொடிகளில் பெயர்க்கலாம். பெட்டிக்குப் பெற்ற உரிமத்தையோ பொதுவாக 90 நாளுக்குள் மறுபடி மாற்றலாகாது. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று தாங்கட்டும் என இரு பெட்டிகளை நிறுத்துவோர், இரண்டுக்கும் உரிமம் கணக்கிட வேண்டியதாகிறது. 2022 அக்டோபர் முதல், சந்தா அல்லது மென்பொருள் உறுதித் திட்டம் உடையோர் மெய்நிகர் கோர் அடிப்படையிலும் உரிமம் பெறலாம். அப்போது மெய்நிகர் கணினி ஒன்றுக்குக் குறைந்தது 8 கோர் என்பது கணக்கு.

டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளங்களில் இவ்வெண்ணலே இல்லை. எனினும் அவற்றைப் பேணத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும், அதுவும் செலவே.

தமிழில் 'இரண்டு' என்றால் 'எவை இரண்டு?' என்று கேட்போம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதே வினாவை எழுப்புக. எண்ணப்படுவது பெட்டியா, கோரா, மெய்நிகர் கணினியா, பயனரா? விடையை எழுத்தில் பெற்றபின் விலையைப் பேசுக.