பிள்ளைக்கும் வருமா?

இருமுனைக் கோளாறுக்குச் சிகிச்சை பெறும் தாய் தகப்பன் பலர் மனநல மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான்: "என் பிள்ளைக்கும் இது வந்துடுமா டாக்டர்?"

சில வாரம் தூக்கமே தேவைப்படாத பித்துநிலை, பிறகு படுக்கையை விட்டு எழ முடியாத மனச்சோர்வு. இப்படி மாறி மாறி ஆட்டிவைக்கும் இந்த நோய் குடும்பவழியில் தொடர்வது வெகுகாலமாகத் தெரிந்ததே. அப்படியானால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது எது? நோயா, வேறொன்றா?

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளின் உறவினர் சிலரிடம் நோய் இல்லை. அதன் சாயல் மட்டும் சுபாவமாகப் படிந்திருந்தது. எப்போதும் வாட்டம், எப்போதும் துள்ளல், தொட்டதற்கெல்லாம் எரிச்சல், காரணமின்றி ஏறி இறங்கும் மனம் என்று அந்தச் சுபாவங்களை நான்காக வகுத்தார். பின்னாளில் ஹகோப் அகிஸ்கால் இவற்றோடு பதற்றச் சுபாவத்தையும் சேர்த்து, அளந்து பார்க்க ஒரு வினாத்தாளே உருவாக்கினார்.

மரபணு ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: பிள்ளைக்கு வருவது நோயல்ல, அதற்கான சாய்வுதான். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 64 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. நோயே இல்லாதவர்களிடமும் அவை உண்டு.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் போரிஸ் பிர்மாஹர் குழு, இந்நோயுள்ள 233 பெற்றோரின் 388 பிள்ளைகளைப் பரிசோதித்தது. 2009இல் வந்த முடிவு: அவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு இருமுனை வகைக் கோளாறு இருந்தது; ஒப்பிடப்பட்ட மற்றப் பிள்ளைகளிடம் 0.8 சதவீதம்தான். பயமுறுத்தும் வித்தியாசம்தான். ஆனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அப்போது அந்த நோய் இல்லை. நெதர்லாந்தில் இத்தகைய பிள்ளைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் பெரியவர்களான பிறகும் அந்த அளவு 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோவொரு மனநிலைக் கோளாற்றைச் சந்தித்திருந்தார்கள். ஆகவே கவனிக்க வேண்டியது பித்துநிலையை மட்டுமல்ல.

கனடாவில் ஆன் டஃபி நடத்திய நீண்ட ஆய்வு, நோய் வரும் வரிசையைக் காட்டியது. சிறுவயதில் பதற்றம், தூக்கக் குறைபாடு, பதின்பருவத்தில் மனச்சோர்வு, பித்துநிலை அதற்கும் பிறகு. எல்லோரும் கடைசிப் படிவரை போவதில்லை. பிட்ஸ்பர்க் குழு 2016இல் கணக்கிட்டபோது, பெற்றோருக்கு இளவயதிலேயே நோய் தொடங்கியது, பிள்ளையின் பதற்றமும் சோர்வும், நிலையற்ற மனம், லேசான பித்து அறிகுறிகள் ஆகிய எல்லாம் சேர்ந்த பிள்ளைக்கு அபாயம் 49 சதவீதம். எதுவுமே இல்லாதவருக்கு 2 சதவீதம்.

இடையில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. டேவிட் மிக்லோவிட்ஸ் குழு, ஏற்கெனவே மனத்தடுமாற்றம் தென்பட்ட 127 சிறார்களிடம் ஆய்வு நடத்தி 2020இல் முடிவை வெளியிட்டது. அறிகுறிகளை அடையாளம் காணவும், கத்தாமல் பேசித் தீர்க்கவும் மொத்தக் குடும்பமும் பழகிய வீடுகளில், அடுத்த மனநிலைச் சரிவு தள்ளிப்போனது.

துள்ளும் பிள்ளையையும் அழும் பிள்ளையையும் நோயாளியாகப் பார்க்காதீர்கள். பிள்ளையின் இயல்பான சுபாவத்தைத் தெரிந்துவைத்திருங்கள். அதிலிருந்து விலகிய மாற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கம் கெட்டால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்; உங்கள் நலம் பிள்ளைக்கும் பாதுகாப்பு.